களைப்பை விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்க, முதலில் அதைச் சுருக்கிச் சொல்கிறேன். பெரியகல்லாற்றில் இருக்கிறீர்கள். கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து இது மூன்றாவது வருடம். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வருகிறீர்கள். நான்கு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்பு முடிந்ததும் அவரைத் தாங்கிப் பிடித்தபடி பின்னேரம் திரும்புகிறீர்கள். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகில் இருக்கிறது. மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள். அண்மையில் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "உங்களுக்கு விசுவாசம் இருந்திருந்தால் அவர் எப்போதோ சுகமாகியிருப்பார்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெபிக்க வாய் வரவில்லை. கடவுள்மேல் கோபம்தான் வருகிறது. சில இரவுகளில், படுத்தால் எழும்பாமலே போனால் நல்லது என்றும் தோன்றுகிறது. நீங்கள் கேட்டவை மூன்று. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதா? இனி எப்படித் தாங்குவது? கட்டிலருகே இருக்கும்போது சொல்வதற்குச் சொல் இல்லாவிட்டால் எந்தச் சங்கீதத்தை வாசிப்பது?

நான் குருவானவர் அல்ல. கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். முப்பது வருடத்துக்கு மேலாக மெதடிஸ்த சேகரத்தில் ஞாயிறுகளில் பிரசங்கம் செய்து வருகிறவன். பிரசங்கிகள் வழக்கமாகச் சொல்கிற தவறுகளில் பாதியையாவது நானும் சொல்லியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதற் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். விசுவாசம் குறையவில்லை. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. இந்த இரண்டையும் நம்மவர்கள் ஏன் இவ்வளவு எளிதாகக் குழப்பிவிடுகிறார்கள் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். காரணத்தில் ஒரு பங்கு நம் சொற்களில் இருக்கிறது.

நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றைச் சொல்கிறது. தாண்டவன்வெளியிலோ புளியந்தீவிலோ கத்தோலிக்கத் தோழி யாராவது இருந்தால், அவர்கள் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தை வாங்கிப் பாருங்கள். அங்கே அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கும். நாம் விசுவாசம் என்று சொல்வதற்கு அவர்கள் நம்பிக்கை என்கிறார்கள். நாம் நம்பிக்கை என்று சொல்வதற்கு அவர்கள் எதிர்நோக்கு என்கிறார்கள். 2025ஆம் ஆண்டு யூபிலிக்காக அவர்களுடைய கோயில்களில் "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று எழுதியிருந்ததை நீங்கள் கண்டிருக்கக்கூடும். கிரேக்க மூலத்தில் பிஸ்டிஸ், எல்பிஸ் என்று தெளிவாக இரண்டு சொற்கள். நம் வீட்டுப் பேச்சிலோ எல்லாம் நம்பிக்கைதான். வைத்தியர் "நம்பிக்கை இல்லை" என்றால் அது நோயைப் பற்றிய கணிப்பு. கடன் கேட்கப் போன இடத்தில் "நம்பிக்கை இல்லை" என்றால் அது உங்களைப் பற்றிய சந்தேகம். இரவு ஒரு மணிக்கு நீங்கள் "நம்பிக்கை இல்லை" என்று முனகினால் அது உடம்பின் அலுப்பு. ஜெபக்கூட்டத்தில் அந்த மனிதர் இவற்றையெல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, விசுவாசக் குறைவு என்று முத்திரை குத்திவிட்டார்.

விசுவாசம் என்பது யாரைப் பிடித்திருக்கிறீர்கள் என்பது. எதிர்நோக்கு என்பது இன்னும் வராத ஒன்றின் பக்கம் முகம் திருப்பியிருப்பது. கழுத்து வலித்தால் முகம் தொங்கிவிடும். பிடித்த கை அதனால் விட்டுப்போனதாக ஆகாது. கடவுள்மேல் கோபமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லாத ஒருவரோடு யாரும் இப்படிக் கோபித்துக்கொண்டிருப்பதில்லை.

அப்போஸ்தலனாகிய பவுலுக்கே இது நடந்திருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரம் எட்டாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். ஆசியாவில் பட்ட பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக" பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எழுதியவர் யார்? விசுவாசத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவர். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், போகிற போக்கில் ஒரு செய்தி சொல்கிறார்: துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிக்காரனாக விட்டுவிட்டு வந்தேன் என்று. பவுலின் கைபட்ட துணிகளைக் கொண்டுபோய் வைத்தே நோயாளிகள் சுகமானதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. ஆனால் தன்னோடு ஊழியம் செய்தவனை அவர் காய்ச்சலோ எதுவோ, படுத்த படுக்கையாக ஒரு துறைமுகத்தில் விட்டுப் புறப்பட வேண்டியிருந்தது. யாருக்கு விசுவாசம் குறைவு, பவுலுக்கா துரோப்பீமுவுக்கா? இந்த வசனத்தைச் சுகமளிக்கும் கூட்டங்களில் வாசித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வேறு ஊரில் இருப்பவர்கள் எப்படியும் பேசட்டும். விசுவாசம் இருந்தால் தீங்கு அணுகாது என்ற பேச்சு மட்டக்களப்பில் எடுபடவே கூடாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்தெழுந்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலய முற்றத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள். அவர்களிடம் என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அந்தப் பெற்றோர் சார்பாகப் பேச எனக்கு அருகதை இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து இந்தச் சூத்திரத்தைச் சொல்ல முடியாதவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்தும் சொல்லக் கூடாது என்பது மட்டும் என் கட்சி.

இன்னொரு வாக்கியத்தையும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்: "தாங்க முடியாததைக் கடவுள் தரமாட்டார்." வேதாகமத்தில் இப்படி ஒரு வசனம் இல்லை. 1 கொரிந்தியர் 10:13இல் "திராணிக்கு மேலாக" சோதிக்கப்பட அவர் விடமாட்டார் என்று இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் விக்கிரக ஆராதனைக்கும் இச்சைக்கும் இழுபடுவதைப் பற்றியது. தமிழில் "சோதனை" என்ற சொல் பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலையும் குறிக்கும், வாழ்க்கையில் வரும் துன்பத்தையும் குறிக்கும். அதனால் வசனம் தன் இடத்தை விட்டு நழுவி நோயாளி வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது என்று பவுலே சொல்லியிருக்கும்போது, உங்களுக்கு மிஞ்சவில்லை என்று நாங்கள் எப்படிச் சொல்வது?

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். விசுவாசத்தை நிரூபிக்க ஒரு தடவையாவது இரத்தச் சுத்திகரிப்பை நிறுத்திப் பாருங்கள் என்று யாரேனும் ஆலோசனை சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த இயந்திரத்துக்காகவும் அதை இயக்கும் தாதியருக்காகவும் நன்றி சொல்வதும் ஜெபம்தான்.

இனி இரண்டாவது கேள்வி. எப்படித் தாங்குவது?

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்துக் கயிற்றில் இறக்குகிறார்கள். வசனம் சொல்வதைக் கவனியுங்கள்: இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார். அவன் விசுவாசத்தைக் கண்டு என்று இல்லை. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு விசுவாசம் இருந்ததா, அலுத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தானா என்று மாற்கு சொல்லவும் இல்லை, அதை ஒரு பொருட்டாக எடுக்கவும் இல்லை. தூக்கியவர்களுடையது போதுமாக இருந்தது. நீங்கள் ஜெபிக்க முடியாத மாதங்களில் உங்களுக்காக ஜெபிப்பது உங்கள் சபையின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்து ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்கள் அந்த நால்வரில் ஒருவராக இருக்க முடியாது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அடுத்தது எலியா. இவரைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் எனக்கு இவர் வேறு ஒரு வழியாக அறிமுகமானவர்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். கடல் வந்தபோது நான் ஆராதனையில் இருந்தேன். என் அக்கா நாவலடியில் தன் வீட்டில் இருந்தார். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்த மணல் திட்டில் ஓடுவதற்குத் திசை இல்லை. மூன்று நாள் தேடினேன். அதன்பிறகு ஒரு பாடசாலை முகாமில், வகுப்பறைச் சீமெந்துத் தரையில் படுத்தவன் எழும்பவில்லை. அன்று அங்கே வந்த பிரசங்கி ஒருவர் நல்ல மனிதர்தான். கடவுளுடைய திட்டம் என்று ஏதோ தொடங்கினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் காத்தான்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் இளைஞர் என் தலைமாட்டில் ஒரு சோற்றுப் பார்சலையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. நான் தூங்கிவிட்டேன். எழும்பியபோது அது அங்கேயே இருந்தது. சாப்பிட்டேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பல மாதம் கழித்து 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எலியா சூரைச்செடியின்கீழ் விழுந்து கிடந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். நீங்கள் எழுதிய அதே இரவு. இதற்கு வானத்திலிருந்து என்ன பதில் வந்தது? கண்டிப்பு வரவில்லை, வேதபாடம் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாம் தரமும் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். அவருடைய முறைப்பாட்டைக் கடவுள் கேட்டது, மெல்லிய சத்தத்தில் பேசியது எல்லாம் அதற்கு நாற்பது நாளுக்குப் பின்னால், ஓரேப் மலையில். முதலில் அடையும் தூக்கமும்.

ஆகவே தங்கச்சி, உங்களிடம் கேட்கிறேன்: சுத்திகரிப்பு நாட்களில் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்? அவருக்கு உப்புக் குறைத்து, தண்ணீர் அளந்து, எல்லாம் பார்க்கிறீர்கள். உங்களுக்கு ஒரு பணிஸும் தேநீருமா? ஆவிக்குரிய வறட்சி என்று நாம் பெயர் வைப்பதில் எவ்வளவோ சாப்பாடும் தூக்கமும் இல்லாத வறட்சிதான். படுத்தால் எழும்பாமல் போகலாம் என்ற எண்ணத்தைத் தனியாக வைத்திருக்கவும் வேண்டாம். எலியா அதை வாய்விட்டுச் சொன்னார். நீங்களும் ஒருவரிடம் சொல்லுங்கள்: அக்காவிடம், வைத்தியரிடம், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில். அதைச் சொல்வதால் விசுவாசத்துக்கு இழுக்கு ஒன்றும் வராது.

"பொறுமையாய் இரு" என்று உங்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! பெண்களுக்கு அதைச் சொல்வதில் நம் ஊர் தாராளம். அந்தச் சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். பொறுத்தல் என்றால் தமிழில் காத்திருத்தலும்தான், சுமத்தலும்தான். பொறை என்றால் பாரம். வள்ளுவர் தம்மை அகழ்வாரைத் தாங்கும் நிலத்தைப் பொறைக்கு உவமையாகச் சொன்னதும் அதனால்தான். புதிய ஏற்பாட்டில் இந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல் ஹுப்பொமொனே. கீழே நின்று நிலைத்திருத்தல் என்று பொருள். பாரத்துக்கு அடியில் ஓடாமல் நிற்பது. வாயை மூடிக்கொண்டு நிற்பது என்ற பொருள் அதில் இல்லை. யோபுவின் பொறுமையைப் பற்றி யாக்கோபு புகழ்ந்து எழுதுகிறார். யோபு புத்தகத்தை வாசித்தவர்களுக்குத் தெரியும், அந்த மனிதர் முப்பத்தொன்றாம் அதிகாரம் வரை கடவுளோடு வழக்காடுகிறார், பிறந்த நாளைச் சபிக்கிறார், ஆறுதல் சொல்ல வந்தவர்களை அலட்டுகிற தேற்றரவாளர் என்று திட்டுகிறார். அதற்குப் பெயர்தான் பொறுமை. அப்படியானால் உங்கள் கோபத்துக்கும் அதில் இடம் இருக்கிறது.

யாக்கோபு அதே அதிகாரத்தில் பயிரிடுகிறவனையும் காட்டுகிறார்: முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் அவன் காத்திருக்கிறான். கல்லாற்றில் கடலோரத்தில் இருந்தாலும் படுவான்கரையில் வெள்ளாமை செய்யும் உறவினர் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்கள் காத்திருப்பதைப் பாருங்கள். மழையைக் கூப்பிட அவர்களால் முடியாது, நிறுத்தவும் முடியாது. 2011 ஜனவரி வெள்ளத்தில், வெட்டுக்கு ஆயத்தமான மாரி வெள்ளாமை தண்ணீருக்குள் கிடந்தபோது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. ஆனால் வயலில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர்கள் கையில். வரம்பில் நண்டு துளைத்ததா என்று பார்ப்பது அவர்கள் கையில். சிறுநீரகம் திரும்ப வேலை செய்வது மழை. தண்ணீர் அளவும் மாத்திரை நேரமும் உங்கள் தூக்கமும் வக்கடை. மழைக்கு நீங்கள் பொறுப்பில்லை. மூன்று வருடமாக நீங்கள் மழைக்கும் பொறுப்பெடுத்து வந்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

ரோமர் ஐந்தாம் அதிகாரத்தையும் உங்களுக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள்: உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று. பரீட்சை என்றவுடன் நமக்குக் கணிதப் பாடம் ஞாபகம் வந்துவிடுகிறது. கடவுள் மேற்பார்வையாளர், நாம் தேறவில்லை. திருவிவிலியம் அந்த இடத்தில் தகைமை என்று போட்டது. இலங்கையில் அதைக் கேட்டால் வேலைவாய்ப்பு விளம்பரத்தில் வரும் கல்வித் தகைமைதான் நினைவுக்கு வருகிறது, என்ன செய்வது! மூலச் சொல் டொக்கிமே, சோதித்துப் பார்த்து அசல் என்று தெரிந்த தன்மை. உங்கள் வளையலை அடகுக் கடைக்காரர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தாரே, அதுதான். உரைகல் பித்தளையைப் பொன்னாக்காது. பொன்னைக் குறைக்கவும் செய்யாது. ஏற்கெனவே பொன்னாக இருந்ததைக் காட்டும், அவ்வளவுதான். மூன்று வருடம், வாரத்துக்கு இரண்டு தரம் அந்தப் பஸ்ஸில் ஏறிய ஒருத்தியைப் பற்றி உரைகல் என்ன சொல்கிறது என்பதை நீங்களே பாருங்கள்.

புதுவருட நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம் அல்லவா? எரேமியா 29:11 வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். நானும் அந்த அட்டையைப் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். அட்டையின் அளவு காரணமாக முன்வசனம் அதில் ஏறுவதில்லை. முன்வசனம் எழுபது வருடம் என்கிறது. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு வந்த கடிதம் அது. கடிதத்தை வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்க முடியாது. ஆகவே கடிதம் வேறொன்றையும் சொல்லியது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். எரேமியா தானே என்ன செய்தார் தெரியுமா? எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருந்த நேரம், தான் காவலில் இருந்த நேரம், ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். எதிரி நிற்கிற காணி! உறுதியை எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். அவருக்கு அன்று உள்ளம் பொங்கியதா என்று தெரியவில்லை. வாங்கி முடித்த கையோடு ஜெபத்தில் அவர் கேட்பதெல்லாம் இதென்ன வேலை ஆண்டவரே என்ற தொனியில்தான் இருக்கிறது. எதிர்நோக்கு அவருக்கு உணர்ச்சியாக வரவில்லை, காணி உறுதியாக வந்தது. உங்கள் மகளின் உயர்தர வகுப்புக் கட்டணத்தை நீங்கள் எப்படியோ கட்டி வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் ஆனதோத்து. மண்பாண்டத்தில் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

நம் ஊரிலும் ஒருவர் அப்படி வந்தார். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தபோது, கூடப் புறப்பட்ட மனைவியைக் கப்பற் பயணத்திலேயே இழந்திருந்தார். இங்கே பள்ளிகளைத் தொடங்கினார். வந்து ஒரு வருடம் ஆகுமுன், 1815 ஏப்ரலில் அவரும் இறந்தார். அவர் கண்ணால் கண்ட பலன் மிகக் கொஞ்சம். மெதடிஸ்த மத்திய கல்லூரியில் நான் கண்ட பிள்ளைகளின் எண்ணிக்கையை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார். இதைச் சொல்லி அவருடைய கடைசி மாதங்களின் தனிமையை இனிப்பாக்க நான் விரும்பவில்லை. அது தனிமையாகத்தான் இருந்திருக்கும்.

இனிக் கடினமான ஒன்று. உங்கள் கணவர் சுகமாவார் என்று நான் எழுதித் தர முடியாது. கிறிஸ்தவ எதிர்நோக்கு சுகத்தின்மேல் மட்டும் கட்டப்பட்டிருந்தால், அது ஒவ்வொரு இரத்தப் பரிசோதனை அறிக்கையோடும் ஏறி இறங்கும். எபிரெயர் ஆறாம் அதிகாரம் அதை நங்கூரம் என்கிறது, திரைக்குள்ளாகப் போகிற நங்கூரம். நங்கூரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அது காற்றை நிறுத்தாது. வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவராது. வள்ளம் ஆடும், தண்ணீர் அடிக்கும், உள்ளே இருப்பவன் வாந்தி எடுப்பான். இழுத்துக்கொண்டு போகாமல் மட்டும் பிடித்திருக்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடியில் மணலைக் கவ்வியபடி. மரணத்துக்குள் போய்த் திரும்பி வந்த ஒருவரிடத்தில் அந்தக் கயிறு கட்டியிருக்கிறது என்பதுதான் நம் விசுவாசம் மொத்தமும். அது உண்மையானால், இந்த நோய் எந்தப் பக்கம் திரும்பினாலும் கயிறு அறாது. அழுகை வராது என்று யாரும் சொல்லவில்லை. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான். துக்கப்படாதீர்கள் என்று அவர் எழுதவில்லை.

அப்போஸ்தலர் 27இல் பவுலுடைய கப்பல் பதினான்காம் இரவும் புயலில் அலைகிறது. தப்புவோம் என்ற நம்பிக்கை முழுதும் அற்றுப்போனது என்று லூக்கா எழுதுகிறார், தானும் அந்தக் கப்பலில் இருந்தபடி. இருபது பாகம், பிறகு பதினைந்து பாகம் என்று ஆழம் பார்க்கிறார்கள். பாறையில் மோதிவிடும் என்ற பயத்தில் பின்பக்கம் நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, பொழுது எப்போது விடியுமோ என்று இருக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. விடியும் நேரத்தில் பவுல் பிரசங்கம் வைக்கவில்லை. சாப்பிடுங்கள் என்றார்; தானே அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டுத் தின்னத் தொடங்கினார். இருநூற்று எழுபத்தாறு பேரும் சாப்பிட்டார்கள். (மறுபடியும் சாப்பாடு. நான் என்ன செய்ய, வேதாகமம் அப்படி இருக்கிறது.) கப்பல் உடைந்தது, சிலர் நீந்தி, சிலர் பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தார்கள்.

உங்களுக்குப் பலகை எது என்று பார்ப்போம். கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி, மூன்று வசனம் தள்ளி அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் இருக்கிறது. தமிழில் முரண்போல் தெரியும். கிரேக்கத்தில் முதலாவது ஆளை நசுக்கும் சுமை, இரண்டாவது அவரவர் முதுகில் போடும் மூட்டை. மகளின் படிப்பும் வீட்டுச் சமையலும் உங்கள் மூட்டை. வாரத்துக்கு இரண்டு இரத்தச் சுத்திகரிப்பு நசுக்கும் சுமை. அதைத் தனியாகச் சுமக்கச் சொல்லி வேதம் உங்களிடம் கேட்கவில்லை. ஆகவே போதகரிடம் போய், "எனக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். மாதத்தில் எட்டுத் தடவை பட்டணம் போகிறேன், அதில் இரண்டு தடவை அவரோடு வேறொருவர் போக வேண்டும் என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். ஜெபத்தைக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். செவ்வாய்க்கிழமையைக் கேட்டால்தான் யார் கட்டிலைத் தூக்குகிறவர் என்று தெரியும். சிறுநீரக நோயாளருக்கான அரச கொடுப்பனவு பற்றிக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றால் இந்த வாரமே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். உங்கள் சபையில் ஒருவரும் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்தைக் கேளுங்கள். எனக்கு அடை கொண்டுவந்தவர் எந்த ஆலயத்துக்கும் போகிறவர் அல்ல.

மூன்றாவது கேள்விக்கு விடை சிறியது. சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம், தாதி வந்து குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போவதற்குள் வாசித்து முடிக்கலாம். "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறது, மரியாதைக்காகக்கூட வேறு முகவுரை இல்லை. கடைசி இரண்டு வசனத்தில் திரும்பிப் பாட்டாகிறது. அந்த இரண்டு வசனத்துக்கு வாய் வராத நாளில் நாலாம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள், மீதியை ஞாயிறன்று சபை வாசிக்கட்டும். அதுவும் முடியாத நாளுக்கு 88 இருக்கிறது. நன்றியோ பாட்டோ இல்லாமல், அறிமுகமானவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்ற இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். கணவருக்குக் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள். அவரும் மூன்று வருடமாக அதைச் சொல்லாமல் வைத்திருக்கக்கூடும்.